சீட்டுக் கிடைத்தால் போதுமா?

பொங்கல் கழிந்தது முதல் ஆடி மாதம் வரையில் போடிநாயக்கனூர்க் கடைத்தெருவிலும், சில்லமரத்துப்பட்டி, தேவாரம், கோம்பை முதலிய சுற்றூர்களிலும் பிள்ளை பெற்றவர்களுக்குள் நடக்கும் பேச்செல்லாம் பெரிதும் ஒரே பேச்சாகத்தான் இருந்து வருகிறது. "உங்கள் பையனுக்குச் சீட்டுக் கிடைத்துவிட்டதா?" என்பதுதான் அது. பையன் என்ன படித்தான், படித்தது அவனுக்கு விளங்கிற்றா என்று ஒருவரை ஒருவர் கேட்பதாகக் காணோம். இந்தப் பேச்சின் பலனாக இப்போது வேறொரு கேள்வியும் கிளம்பி இருக்கிறது. அதாவது, காலேஜில் இடம் கிடைத்துவிட்ட பிறகு பள்ளிக்கூட வகுப்பு எதற்கு என்பதாகும். இக்கேள்வியைப் பையன்கள் மாத்திரம் கேட்டால் வயதுக் கோளாறு என்று விட்டுவிடலாம். பெற்றோர்களும், சில இடங்களில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுமே இப்படிக் கேட்பதால், இதைப்பற்றி நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட வேண்டியது அவசியம் என்று கருதுகிறோம்.

முதலில் சங்கதி இன்னது என்று பார்ப்போம். தனியார் பல்கலைக்கழகங்கள் சில, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சைக்கு முன்னதாகவே தனிப் பரீட்சை வைத்து, முன்பணமும் வாங்கிக்கொண்டு, இடத்தை ஒதுக்கி விடுகின்றன. அப்படி இடம் பிடித்த வசதியுள்ள வீட்டுப் பையன் அன்று முதல் வகுப்பில் உட்காருவதையே வீண் வேலையாகக் கருத ஆரம்பித்து விடுகிறான். கணக்கு வேண்டாம், ரசாயனம் வேண்டாம், பாஸ் மார்க்கு வந்தால் போதும் என்கிறான். தகப்பனாரும், "அவனுக்குத்தான் சீட்டு வந்துவிட்டதே" என்று தலையாட்டுகிறார்.

இந்தப் பழக்கம் நம் நாட்டுக்கு மாத்திரமே சொந்தம் என்று யாரும் எண்ணிவிட வேண்டியதில்லை. அமெரிக்காவில் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு வரும் இந்தச் சோம்பலுக்கு ஒரு வியாதியைப் போலக் கேலிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்நாட்டுக் காலேஜுகள் இடம் கொடுக்கும்போதே, கடைசி வருஷ மார்க்குப் பட்டியலையும் அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை போடுகின்றன. படிப்பு மிகவும் கெட்டுப் போயிருந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பவும் பிடுங்கிக் கொள்ளுகின்றன. இங்கிலாந்திலும் கடைசிப் பரீட்சையில் இன்ன தரம் வந்தால்தான் இடம் உறுதி என்பது சாதாரண வழக்கம். நம் நாட்டிலும் நிபந்தனை இல்லாமல் இல்லை. என்.ஐ.டி. முதலிய காலேஜுகளுக்கு நுழைவுப் பரீட்சையில் எவ்வளவு பெரிய ரேங்கு வாங்கினாலும், பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவிகித மார்க்கு, தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளானால் 65 சதவிகிதம், இருக்க வேண்டும். அல்லது தங்கள் போர்டில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் வந்திருக்க வேண்டும். ஆகவே சீட்டு வந்துவிட்டது, வகுப்பு போகட்டும் என்பது சட்டத்தின்படி பார்த்தாலும் அரைகுறை யோசனையே ஆகும்.

நிற்க, சட்டத்தைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது நம் வேலையல்ல. பணக்கார வீட்டுப் பையன் ஒருவன் நாலு மாதம் வகுப்பை விட்டுவிட்டால் அதனால் உலகம் முழுகிப் போய்விடாது. அவனுக்கு டியூஷன் வைக்கத் தகப்பன் இருக்கிறான். தோற்றால் மறுபடியும் பணம் கட்ட ஏலத் தோட்டம் இருக்கிறது. நம்முடைய கவலையெல்லாம், அவனுடைய இந்தப் புத்தி ஊருக்கெல்லாம் பொதுப் புத்தியாக ஆகிவிட்டதே என்பதுதான். ஒரு பையன் ஒரு பாடத்தைக் கைவிடுவது போய், பள்ளிக்கூடங்களே ஒரு வகுப்பு முழுவதையும் கைவிடுகிற அளவுக்கு வந்துவிட்டது. அந்த வகுப்புத்தான் பதினோராம் வகுப்பு.

இந்த வகுப்பு நமக்கு எப்படி வந்தது என்பதை இன்றைய பெற்றோர்களில் பலர் அறியமாட்டார்கள். முன்பெல்லாம் பள்ளிக்கூடப் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு முடிந்துவிடும். அதற்கு மேற்பட்ட பி.யூ.சி. என்னும் புகுமுக வகுப்பைக் காலேஜுக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். காலேஜ் இருந்த பட்டணத்துக்குப் போய்த் தங்கிப் படிக்க வகை உள்ளவன் படித்தான்; மற்றவன் நின்றுவிட்டான். பெண் பிள்ளைகளின் கதியைச் சொல்லவே வேண்டியதில்லை. 1978-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்த பிறகுதான் அந்தப் படிப்பு பட்டணத்துக் காலேஜிலிருந்து இறங்கி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மலையடிவாரத்துப் பெண் பிள்ளை தன் வீட்டிலிருந்து நடந்துபோய் பௌதிகமும் உயிர்நூலும் படிக்கலாம் என்று ஆயிற்று. இப்படிக் காலேஜ் வாசற்படியை நம்முடைய தெருவுக்குக் கொண்டுவந்து போட்ட வகுப்பைத்தான், "மார்க்குக்கு உதவாத வகுப்பு" என்று நாமே தள்ளிவிட்டோம்!

எப்படித் தள்ளினோம்? காலேஜில் இடம் கொடுப்பவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைத்தானே பார்க்கிறார்கள், ஆகையால் அந்தப் பாடத்தையே இரண்டு வருஷமும் உருப்போட வைத்தால் என்ன என்று தனியார் பள்ளிக்கூடங்கள் பல கண்டுபிடித்தன. பதினோராம் வகுப்பில் சேர்ந்த பையனுக்குச் சேர்ந்த சில வாரங்களிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். பிராய்லர் கோழிப் பண்ணை என்று ஜனங்களே பெயர் வைத்த விடுதிப் பள்ளிக்கூடங்களுக்கு நம் பக்கத்துப் பெற்றோர்களும் கடன் வாங்கிப் பிள்ளைகளை அனுப்பினார்கள். மார்க்கு வந்தது, படம் போட்ட விளம்பரப் பலகையும் வந்தது. ஆனால் பதினோராம் வகுப்புப் பாடம் மாத்திரம் பிள்ளையின் தலைக்குள் வரவே இல்லை.

இந்தக் கூத்தைத் தடுப்பதற்காகவே 2017-18-ஆம் பள்ளி வருஷம் முதல் பதினோராம் வகுப்புக்கும் தமிழ்நாட்டு சர்க்கார் பொதுப் பரீட்சை வைத்தது. பாடத்துக்கு 200 என்றிருந்த மார்க்கு 100 ஆகி, வருஷத்துக்கு 600, இரண்டு வருஷமும் சேர்த்து 1200 என்று சொல்லப்பட்டது. ஆனால் 2018-லேயே, காலேஜ் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கு மாத்திரம் போதும் என்று உத்தரவு மாறிற்று. உடனே பழைய வேதாளம் முருங்கை மரம் ஏறிவிட்டது. இப்போது 2025-26-ஆம் வருஷத்திலிருந்து அந்தப் பரீட்சையும் எடுக்கப்பட்டு விட்டது.

பரீட்சையை எடுத்தது தப்பென்று நாம் வாதாட வரவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று அடுத்தடுத்து மூன்று வருஷம் பொதுப் பரீட்சை என்னும் பூச்சாண்டியைக் காட்டிப் பிள்ளைகளை நடுங்க வைப்பது அறிவு வளருவதற்கு வழியல்ல. ஆனால் பரீட்சையை எடுத்தார்களே ஒழிய, வகுப்பையும் பாடத்தையும் எடுத்துவிடவில்லை என்பதைப் பெற்றோர்கள் நன்றாய் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். போலீஸ்காரன் தெருவில் நிற்கவில்லை என்பதற்காகத் திருடலாம் என்று ஆகிவிடுமா?

நம் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளங்க வைக்கப் பெரிய சாஸ்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. ஏலச் செடியை நட்ட முதல் வருஷத்தில் அது காய்ப்பதில்லை. இரண்டு மூன்று வருஷம் சென்ற பிறகே பலன் கொடுக்கிறது. காய்க்காத வருஷந்தானே என்று எந்தத் தோட்டக்காரராவது முதல் வருஷத்தில் களை எடுக்காமல், நிழல் பார்க்காமல், தண்ணீர் விடாமல் இருந்து விடுகிறாரா? அப்படி இருந்துவிட்டு, காய்க்கும் வருஷத்தில் மாத்திரம் இரட்டிப்பு உரம் போட்டால் செடி தேறுமா? செடிக்குள்ள நியாயம் பிள்ளைக்கு மாத்திரம் எப்படி இல்லாமற் போகும்?

பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். கணக்கில் திரிகோணமிதியும், வகைக்கணிதத்தின் ஆரம்பமும் அதில்தான் இருக்கின்றன. பௌதிகத்தில் நியூட்டன் விதிகளும், வேலையும் சக்தியும், வெப்பமும், ஈர்ப்பு விசையும் அதில்தான் இருக்கின்றன. நம் உடம்பில் மூச்சு எப்படி ஓடுகிறது, ரத்தம் எப்படிச் சுற்றுகிறது, சிறுநீரகம் என்ன செய்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன. இவற்றை விட்டுவிட்டு இஞ்சினீயரிங் காலேஜ் முதல் வருஷத்தில் போய் உட்காருகிறவனுடைய நிலை என்ன? போடிக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதியாகவே சொல்லுகிறோம். 1928-இல் நம் ஊருக்கு வந்த ரயில், அகலப் பாதை போடுவதற்காக 2010-ஆம் வருஷக் கடைசியில் நின்றது. மறுபடியும் போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் மாதத்தில்தான். அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில், மதுரையில் ஸ்டேஷன் இருக்கிறது, போடியிலும் ஸ்டேஷன் இருக்கிறது, ஆகையால் ரயிலில் போகலாம் என்று யாராவது சொன்னார்களா? நடுவில் தண்டவாளம் இல்லாவிட்டால் இரண்டு முனையிலும் ஸ்டேஷன் இருந்து என்ன பயன்? பத்தாம் வகுப்பு ஒரு ஸ்டேஷன். காலேஜ் ஒரு ஸ்டேஷன். நடுவில் இருக்கும் தண்டவாளத்தைப் பெயர்த்து எறிந்துவிட்டுக் கையில் இருக்கும் சீட்டைக் காட்டி என்ன செய்வது?

"சீட்டுக்காவது உதவுகிறதே" என்று சொல்லுவார்களானால், அதுவும் பொய்யே. டாக்டர் படிப்புக்கு வைத்திருக்கிற நீட் பரீட்சையில் ஏறக்குறையப் பாதி கேள்விகள் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்தே வருகின்றன. அப்பரீட்சையை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் படித்த படிப்பை ஒரு நாள் பரீட்சை செல்லாக் காசாக்குவது அக்கிரமம் என்பதே நமது கருத்து. ஆனால் அது இருக்கிற வரையில், பதினோராம் வகுப்பை விட்டவன் அதற்கும் தகுதியற்றவனாகிறான். மற்றொரு சங்கதி: 2021-இல் கொரோனாவினால் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடக்கவில்லை. அப்போது சர்க்கார் எப்படி மார்க்குப் போட்டது? பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவிகிதம், பதினோராம் வகுப்பிலிருந்து 20 சதவிகிதம், பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை முதலியவற்றிலிருந்து 30 சதவிகிதம் என்று கணக்குப் போட்டது. உதவாது என்று தள்ளிய வகுப்புத்தான் அன்றைக்கு வந்து கைகொடுத்தது.

சரி, இந்த அநியாயத்தில் உண்மையாகவே நஷ்டப்படுகிறவர்கள் யார்? விடியுமுன் எழுந்து, ஜீப்பில் நெருக்கி அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் நாளெல்லாம் குனிந்து காய் பறித்துவிட்டு, பொழுது சாய்ந்து வீடு திரும்புகிற தாய்மாருடைய பிள்ளைகள்தான். அந்தத் தாய்க்குப் பதினோராம் வகுப்புப் புத்தகம் எது, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் எது என்று தெரியாது. பள்ளிக்கூடத்தை நம்பித்தான் பிள்ளையை விட்டிருக்கிறாள். இன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு வழி திறந்திருக்கிறது என்பது வாஸ்தவம். 2012 முதல் போடியிலேயே சர்க்கார் இஞ்சினீயரிங் காலேஜ் இருக்கிறது. சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு டாக்டர் படிப்பில் 2020 முதலும், இஞ்சினீயரிங் முதலிய படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவிகித இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பெண்கள் காலேஜில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. இவையெல்லாம் எத்தனையோ பேர் பாடுபட்டதன் பலன். ஆனால் கதவைத் திறந்துவிட்ட பிறகு, உள்ளே போகிற பிள்ளைக்கு நடக்கத் தெரியாமல் செய்துவிட்டால் என்ன ஆகும்? முதல் வருஷத்திலேயே அரியர் விழும். உடனே, "பார்த்தீர்களா, இடம் ஒதுக்கிக் கொடுத்தாலும் இவர்களுக்குப் படிப்பு வராது" என்று சொல்ல ஒரு கூட்டம் காத்துக்கொண்டிருக்கிறது. பாடம் நடத்தாதவனுடைய குற்றம் பிறந்த ஜாதியின் குற்றமாகக் கட்டிவிடப்படும். இதுதான் நமக்குப் பெரிய ஆபத்தாகத் தோன்றுகிறது.

1953-ஆம் வருஷத்து விஷயத்தைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ராஜாஜி முதன்மந்திரியாய் இருந்தபோது, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம் பாடம் போதும், மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோருடைய தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று நாடே கொதித்து எழுந்தது. 1954-இல் காமராசர் வந்த பிறகு அது கைவிடப்பட்டது. நம் பிள்ளைகளுடைய அரை நாள் படிப்பை ஒரு சர்க்கார் பறிக்கப் பார்த்தபோது அவ்வளவு ரோஷம் காட்டிய நாம், இன்றைக்கு ஒரு முழு வருஷப் படிப்பை நம்மிடமே பீஸ் வாங்கிக்கொண்டு பறிக்கிறார்களே, அதற்கு நன்றி சொல்லிவிட்டு வருகிறோமே, இது என்ன புத்தி?

இதற்கெல்லாம் மூலகாரணம் என்னவென்று யோசித்துப் பார்த்தால், படிப்பையும் ஒரு சடங்காக ஆக்கிக்கொண்டதுதான் என்பது விளங்கும். அர்த்தம் தெரியாமல் மந்திரத்தை உருப்போட்டவனுக்குத் தட்சிணை கிடைக்கிறது என்று பார்த்துப் பழகின ஜனங்கள், அர்த்தம் தெரியாமல் பாடத்தை உருப்போட்டால் சீட்டுக் கிடைக்கும் என்று நம்புவதில் ஆச்சரியமில்லை. ஹால் டிக்கெட்டை விக்கிரகத்தின் காலடியில் வைத்து அர்ச்சனை செய்கிறோம்; பேனாவுக்குப் பூஜை செய்கிறோம். புத்தகத்தை மாத்திரம் பாதியில் மூடிவிடுகிறோம். மோட்சத்துக்கு டிக்கெட்டு விற்கிறவனிடம் ஏமாந்ததற்கும், சீட்டுக்கு வழி சொல்லுகிறவனிடம் ஏமாறுவதற்கும் என்ன வித்தியாசம்? சீட்டே தெய்வம் என்று ஆகிவிட்டால், அதை எந்த வழியில் பிடித்தால் என்ன என்கிற துணிச்சலும் கூடவே வந்துவிடும். 2019-இல் நம் தேனி மருத்துவக் காலேஜிலேயே நீட் ஆள்மாறாட்ட வழக்குக் கிளம்பிற்றே, அது எதனுடைய பிள்ளை? வடக்கே, பெயரை மாத்திரம் பள்ளிக்கூடத்தில் பதிந்துவிட்டுப் பிள்ளைகள் பயிற்சிக் கடைகளில் உட்கார்ந்திருந்ததற்காக, டில்லி, ராஜஸ்தான் பகுதிகளில் 21 பள்ளிக்கூடங்களின் இணைப்பை 2024 நவம்பரில் சி.பி.எஸ்.இ. ரத்து செய்ததே, அது எதனுடைய பிள்ளை? எல்லாம் "சீட்டுக் கிடைத்தால் போதும்" என்கிற ஒரே தாய் பெற்ற பிள்ளைகள்தான்.

ஒன்றை மாத்திரம் இங்கு பிரித்துச் சொல்லிவிட விரும்புகிறோம். காலேஜில் சேருவதற்கு வேண்டிய துணிமணிக்கும் பஸ் சத்தத்துக்கும் பணம் சேர்க்க, சில நாள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தாயோடு ஜீப் ஏறிக் காய் பறிக்கப் போகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களை நாம் குறைசொல்ல வரவில்லை. வயிற்றுக்காக வகுப்பை விடுகிறவன் வேறு; கர்வத்துக்காக விடுகிறவன் வேறு. முன்னவனுக்கு வேண்டியது புத்திமதி அல்ல, உதவி. அந்த உதவியைச் செய்ய வேண்டியது ஊராருடைய கடமையும் சர்க்காருடைய கடமையும் ஆகும்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? பெற்றோர்கள் ஜூன் மாதத்திலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய், பதினோராம் வகுப்பில் எந்தப் புத்தகம் நடக்கிறது என்று நேரில் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளையின் நோட்டைப் பிரித்து, தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்கலாம். சர்க்கார் பள்ளிக்கூடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது; பெற்றோர்களே அதில் பெரும்பான்மையோர். அது டீ குடித்துக் கையெழுத்துப் போடுவதற்காக ஏற்பட்டதல்ல. இந்தக் கேள்வியை அங்கே கேட்டு, பதிலைப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும். சர்க்காரும், பரீட்சையை எடுத்துவிட்டோம் என்று கையைக் கழுவிக்கொள்ளாமல், முன்னறிவிப்பு இல்லாமல் பதினோராம் வகுப்புகளுக்குள் போய்ப் பார்வையிட வேண்டும். உபாத்தியாயர்கள், மார்க்குக்கு உதவாத பாடத்தை நடத்துவதுதான் உண்மையான உபாத்தியாயருக்கு அழகு என்பதை உணர வேண்டும். நம் தோழர்கள் ஊர்தோறும் நடத்துகிற படிப்பகங்களில், மாலையில் காலேஜ் மாணவர் ஒருவரைக் கொண்டு இந்தப் பாடங்களைச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. ஒரு பலகையும் ஒரு விளக்கும் போதும்.

சீட்டுக் கிடைத்துவிட்ட பிள்ளைகளுக்கு நாம் சொல்லுவது இதுதான்: கடைசி நாள் வரையில் வகுப்புக்குப் போங்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. உங்களுக்கு விளங்கினதை அவனுக்கு விளங்க வையுங்கள். விளங்காததை வாத்தியாரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள். பிற்காலத்தில் ஒரு பாலம் கட்டினாலும், ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்தாலும், ஒரு கடைக் கணக்கு எழுதினாலும், அப்போது உங்களை யாரும் சீட்டைக் காட்டு என்று கேட்கப் போவதில்லை. வேலையைச் செய்து காட்டு என்றுதான் கேட்பார்கள்.

எத்தனையோ தலைமுறையாகப் படிக்கக்கூடாது என்று பிறர் தடுத்து வைத்திருந்த ஜனங்கள் நாம். அந்தத் தடை நீங்கின பிறகு, படிக்க வேண்டியதில்லை என்று நமக்கு நாமே தடை போட்டுக்கொள்ளுவோமானால், அதைவிடச் சுயமரியாதைக் குறைவான காரியம் வேறு ஒன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.